துப்பாக்கி இல்லாத உறை

அக்டோபர் 9, வியாழன்

பெங்களூர்க்காரருக்குப் பதில் அனுப்பிவிட்டேன். ஜெர்மன் ராணுவத்துடையது என்று நம்பி அவர் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த பிஸ்டல் உறை ஜெர்மனும் இல்லை, பழசும் இல்லை. கழுகு முத்திரையெல்லாம் கச்சிதமாகத்தான் குத்தியிருக்கிறார்கள். நூலில் ஓர் இழையை உருவிப் பற்றவைத்தேன். உருகி மணியாகத் திரண்டது. நைலான். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் நைலானில் உறை தைத்தவன் எவனும் இல்லை. மனிதர் ஃபோனில் அழாத குறை.

துப்பாக்கி எனக்கு ஆகாது. உரிமம், போலீஸ் என்று ஆயிரம் தொல்லை. நான் பார்ப்பது அதன் உடுப்புகளை மட்டும்தான். உறை, தோட்டாப் பை, கழுத்துக் கயிறு, குழல் துடைக்கும் கம்பி. எந்த நாட்டுப் பட்டாளம், எந்தக் காலம், எப்படிப்பட்டவன் இடுப்பில் இருந்தது என்று சொன்னால் சேகரிக்கிறவர்களுக்குப் போதும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரரின் பழம்பொருள் கடையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது, இன்னும் சோறு போடுகிறது.

ஒகுஸ்தினுக்கு இந்தத் தொழில் பிடிக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கும் கணவருக்கு மனைவி செய்கிற எதுதான் பிடிக்கும்? அவருக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். செருப்பு, துண்டு, நான்.

வலது கன்னம் வீங்கியிருக்கிறது. குளியலறைக் கதவு. மழையில் மரம் ஊறிப்போய், இழுத்தால் படாரென்று வருகிறது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

அக்டோபர் 11, சனி

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் குறைந்திருக்கின்றன. மெழுகு நூல் உருண்டையும் இளைத்திருக்கிறது. நானே எடுத்துவிட்டு மறந்திருப்பேன். வயதாகிறது.

மாமனாரின் டிரங்குப் பெட்டியை ஒகுஸ்தின் ஒருவழியாகக் காலி செய்துவிட்டார். ஜூனில் அவர் இறந்ததிலிருந்து அது எங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தது. நான் மார்க்கெட் போயிருந்த நேரத்தில் பழைய இரும்பு வண்டிக்காரனைக் கூப்பிட்டுப் பூஞ்சை பிடித்ததையெல்லாம் தூக்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கிழவர் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு இந்தோசீனா போனவர், எனக்கு வேண்டியது ஏதாவது இருந்திருக்கும் என்றேன். வாயைத் திறந்திருக்கக் கூடாது.

கதவை ரொம்பக் கவனமாகத்தான் திறக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

காதர் மொய்தீன் பாய் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய சாமான் விற்கிறவர். ஒகுஸ்தின் பேங்குக்குப் போயிருந்தார். பாய்க்கு அவர் இல்லாத நேரம் எப்படியோ தெரிந்துவிடும். பாவம், ஒகுஸ்தினைக் கண்டால் பாய்க்கும் ஒரு பயம்.

பையிலிருந்து ஒரு தோல் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். "தங்கச்சி, இத கொஞ்சம் பாத்துச் சொல்லு. எந்த ஊரு சரக்கு? வெள்ளக்காரரு ஒருத்தரு ரொம்ப ஆசப்படறாரு."

நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். மூக்குதான் பொய் சொல்லாது. வருடக்கணக்கில் சும்மா கிடந்த உறையில் பூஞ்சையும் புழுக்கமும் கலந்த ஒரு வாடை இருக்கும். இதிலும் பூஞ்சை இருந்தது, வெளியே. உள்ளே தையல் மெஷின் எண்ணெய் வாசம். டார்ச் அடித்துப் பார்த்தேன். காலியாகக் கிடந்த உறை தொளதொளவென்று ஆகிவிடும். இது இறுக்கமாக, உள்ளே இருந்ததன் வடிவத்தைப் பிடித்தபடி இருந்தது. சின்னத் தானியங்கிப் பிஸ்டல். குழலின் முனை, விசையைச் சுற்றிய வளையம், எல்லாம் தோலில் பளிச்சென்று பதிந்திருந்தன. டிஷ்யூ காகிதத்தை உள்ளே விட்டு எடுத்தேன். எண்ணெய் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"பிரெஞ்சுப் பட்டாளத்துது பாய். இந்தோசீனா சண்ட காலம். அந்தப் பட்டாளத்துல இருந்த நம்மூரு சொல்தா யாரோ கொண்டாந்திருக்காங்க."

"அப்ப ஒரிஜினல்தானே?"

"ஒரிஜினல்தான். ஆனா இது காலி உறை இல்ல பாய். போன மாசம் வரைக்கும் உள்ள ஒண்ணு இருந்திருக்கு."

பாய் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அவருக்கு விளக்கிச் சொன்னேன். தோல் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் துப்பாக்கியை உறைக்குள்ளேயே விட்டுவைத்தால் துருப்பிடித்துவிடும். சேகரிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது, உறையோடு பெட்டியில் பூட்டிவைத்து நாசம் செய்வார்கள். பட்டாளத்தில் இருந்தவனுக்குத் தெரியும். வேண்டாதவன் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போடுவான். இந்த ஆள் உறையை மட்டும் போட்டிருக்கிறான். துப்பாக்கியை நல்ல நிலையில் வைத்துக்கொள்ள நினைக்கிறான் என்று அர்த்தம்.

"எதுக்கு?" என்றார் பாய்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"இரும்பு வண்டிக்காரன் குடுத்தான். எந்த வீடுன்னு கேட்டா, இந்தப் பக்கந்தான் எங்கயோங்கறான். யா அல்லா, எனக்கு எதுக்குத் தங்கச்சி இந்த வம்பு? நீயே வச்சிரு. அப்பறமா யோசிச்சுக்கலாம்." டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவர் போன பிறகு பின்பக்கம் பார்த்தேன். பெல்ட் கோர்க்கும் வளையத்தைப் பிரித்து, மறுபக்கம் சாய்த்துப் புதிதாகத் தைத்திருக்கிறது. இடது இடுப்பில் கட்டி, இடது கையால் உருவுகிறவனுக்குத் தோதாக. மூடியிலும் நகக்கீறல் இடது கைக்காரன் திறக்கும் பக்கம்தான். பழைய கீறல் இல்லை. பல தடவை திறந்து பழகியிருக்கிறான். தையல் மெழுகு பூசிய லினன் நூலில். நல்ல நூல். இந்த ஊர்க் கடைகளில் அது கிடைக்காது.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

வேலை ஓடவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

காரைக்காலிலிருந்து பெர்னதெத் ஃபோன் செய்தாள். என் தங்கை. "அக்கா, ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன். குரலே சரியில்ல ஒனக்கு" என்றாள். ஒகுஸ்தின் எதிரே உட்கார்ந்து நவம்பர் பதினொன்றாம் தேதி போர் நினைவு நாள் அணிவகுப்புக்காக மெடல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "போயேன். போய்ட்டு வா, பாப்போம்" என்றார். சிரித்தமாதிரிதான் சொன்னார். மழைக்காலம் முடியட்டும் என்று நான் பெர்னதெத்திடம் சொல்லிவிட்டேன்.

போன வருடம் ஒரு தடவை சொல்லாமல் காரைக்கால் பஸ் ஏறியிருக்கிறேன். பின்னாலேயே வந்து, கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிக் கூட்டிவந்துவிட்டார். அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது என் காதோடு ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

வீட்டைப் பெருக்கும்போது கட்டிலுக்கடியில், பரணில், அரிசி டின்னுக்குப் பின்னால் எல்லாம் பெருக்கினேன். "என்ன, இன்னைக்கு ஒரே சுத்தம்?" என்றார். தீபாவளி வருகிறதே, ஊரே சுத்தம் செய்கிறது என்றேன்.

பயமாக இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

ஒகுஸ்தின் இந்த நோட்டைப் படித்திருக்கிறார். அவரே சொன்னார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்.

"கதவப் பத்தி நெறய எழுதியிருக்க."

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"அந்த உறை வச்சிருந்தவன் இடது கைக்காரன்னு கண்டுபிடிச்சியாமே. கெட்டிக்காரிதான். ஊர்ல எத்தன பேரு இடது கைக்காரன் இருக்கான் லெயோனி?"

"நெறய பேரு இருப்பாங்க" என்றேன்.

"ஆமா. நெறய பேரு." என் கையிலிருந்து தட்டுகளை வாங்கித் தொட்டியில் வைத்தார். "எழுதறத நிறுத்தாத. தெனமும் எழுது, நான் படிக்கறேன். இப்ப நான் சொன்னதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

மாதா கோவில் பூசைக்கு இருவருமாகப் போய்வந்தோம். ஒகுஸ்தின் வஞ்சிரம் வாங்கி வந்தார். குழம்பு நன்றாக அமைந்தது. காதர் பாயின் உறையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாக எடுத்துப் போயிருக்கிறார். எனக்கு ஓர் அலைச்சல் மிச்சம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எதிர்வீட்டில் விடியலிலிருந்தே வெடி. ஒவ்வொன்றுக்கும் நான் துள்ளுவதைப் பார்த்து ஒகுஸ்தின் சிரித்தார். நானும் சிரித்தேன். எதிர்வீட்டிலிருந்து அதிரசம் கொடுத்தார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

நல்ல மழை. எல்லாம் நன்றாக இருக்கிறது. தோல் சாமான் அலமாரியில் பல்பு எரிகிறதா என்று பார்த்தேன், எரிகிறது. ஒகுஸ்தின் அன்பாக இருக்கிறார்.

அக்டோபர் 28, செவ்வாய்

பெர்னதெத்தைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது என்று நானே சொன்னேன். ஒகுஸ்தின் பக்கத்தில் இருந்தார். என் ஃபோன் பழசாகிவிட்டது, வேறு வாங்கும்வரை அவரிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

நவம்பர் 1, சனி

நாளை கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறைக்கு வெள்ளையடிக்க ஒகுஸ்தின் காலையிலேயே போய்விடுவார். நான் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். சாமந்தி வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இந்த வருடம் பூ விலை கொள்ளை.

நவம்பர் 4, செவ்வாய். காரைக்கால்.

இது வேறு நோட்டு. பெர்னதெத்தின் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அவள் கணவரும் எதிர்வீட்டுக்காரர்களும் வாசலிலேயே காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கதவு ஒரு தவறும் செய்யவில்லை. அடித்தது ஒகுஸ்தின். அவர் படிப்பார் என்ற சந்தேகம் எனக்கு முதலிலிருந்தே இருந்தது. அதோடு, எழுதிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்றும் பயந்தேன். காதர் பாய் கொண்டுவந்தது மாமனார் பெட்டியில் இருந்த உறை. அதில் தைத்திருந்தது என்னுடைய நூல். கையில் எடுத்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும், வீட்டிலேயே ஓர் இடது கைக்காரர் இருந்தும், இரண்டு நாள் பல நாட்டு இடது கைக்காரர்களை மனதுக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடலூரிலிருந்து திரும்பிய ஆட்டோவில் அவர் சொன்னது இதுதான்: "அடுத்த தடவ போனா, உன்னப் பொணமாத்தான் கூட்டிட்டு வருவேன்." அப்போது அவரிடம் கை மட்டும்தான் இருந்தது.

அதனால் துப்பாக்கியைத் தேடினேன். பெருக்குகிற சாக்கில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் நோட்டைப் படித்துவிட்டார் என்று தெரிந்த பிறகு தேடுவதையும் நிறுத்திவிட்டேன். மழை பெய்த அந்த வெள்ளிக்கிழமைதான் புத்தி வந்தது. அவருக்குத் துரு ஆகாது. என் சிலிக்கா பொட்டலங்களை எடுத்தவர் அவர்தான். அப்படியானால் வீட்டிலேயே ஈரம் படாத இடத்தில்தான் வைத்திருப்பார். சுவரெல்லாம் ஓதம் ஏறிய அந்த வீட்டில் அப்படி ஒரே இடம்தான் உண்டு. என் தோல் சாமான்கள் இருக்கும் மர அலமாரி. பூஞ்சை பிடிக்காமலிருக்க அதற்குள் எப்போதும் ஒரு பல்பு எரியும்.

அவர் குளிக்கும்போது திறந்தேன். கீழ்த்தட்டில், நான் வருடக்கணக்கில் தொடாத தோட்டாப் பைகளுக்குப் பின்னால், ஃபிளானல் துணியில் சுற்றி இருந்தது. பக்கத்தில் என் சிலிக்கா பொட்டலங்கள் வரிசையாக, நேராக. மூடிவிட்டு வந்து சாம்பாருக்குப் புளி கரைத்தேன். ஈரத்துக்குப் பயந்து வைத்தாரோ, வேறு யோசனையோடு வைத்தாரோ, அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கல்லறைத் திருநாளுக்காகக் காத்திருந்தேன். நோட்டைப் படித்த நாளிலிருந்து அவர் என்னைத் தனியாக வெளியே விடவில்லை; அவர் இல்லாமல் நான் தெருவில் இறங்கக்கூடிய காலை அது ஒன்றுதான்.

அவர் சுண்ணாம்பு வாளியோடு புறப்பட்டார். "பத்து மணிக்குப் பூவோட வந்துடு. லேட் பண்ணாத" என்றார். தெரு திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு அலமாரிக்குப் போனேன். மேல்தட்டிலிருந்து பருத்திக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, அலமாரியில் கை வைக்கும்போதெல்லாம் செய்வது. ஃபிளானலைப் பிரித்து, அதுதானா என்று ஒரு முறை பார்த்தேன். இத்தனை வருடம் உறைகளைப் பார்த்தே காலம் தள்ளியவள், உள்ளே இருப்பதை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவும் தெரியாது. அப்படியே சுற்றிக் கூடைக்குள் வைத்து, மேலே சாமந்தியைப் பரப்பினேன்.

ஆட்டோக்காரர், "கல்லறைக்குத்தானேம்மா?" என்றார். போலீஸ் ஸ்டேஷனுக்கு என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஆனால் ஸ்டேஷனுக்குப் போகிற வழியே கல்லறை வாசல் வழிதான். அது எனக்கு உறைக்கவே இல்லை. பூக்கடைகள், மெழுகுவர்த்திக் கடைகள், ஊர்ச்சனம் மொத்தமும் அங்கே. வண்டி நகரவில்லை. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கூடைக்குள் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மடியிலேயே வெடித்துவிடும் என்று நினைத்தேன். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், வேறு ஜெபம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வாசலில் ஒகுஸ்தின் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு. வருகிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். ஆட்டோ நிற்காததைப் பார்த்ததும் தூக்கிய கை அப்படியே நின்றது. "போங்க தம்பி, நிறுத்தாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆட்டோக்காரருக்கு எப்படியோ கேட்டது. ஹாரனை அழுத்திக்கொண்டு சந்துக்குள் திருப்பிவிட்டார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஒரு பெண். கோமதவல்லி என்று சட்டையில் பெயர் இருந்தது. கூடையை மேசைமேல் வைத்தேன். பூவை ஒதுக்கி, துணியை விலக்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"இது எங்கேர்ந்தும்மா எடுத்தீங்க?"

"என் அலமாரியிலேர்ந்து."

"அப்ப உங்களுதா?"

இல்லை என்று ஆரம்பித்தேன். என்ன தொழில், உறை எப்படி வந்தது, நூல், கன்னம், கடலூர் என்று எல்லாம் தலைகீழாக வந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒகுஸ்தின் வேறோர் ஆட்டோவில் பின்தொடர்ந்து உள்ளே வந்துவிட்டார். சட்டையை நீவி விட்டுக்கொண்டு, மரியாதையாக, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"மன்னிக்கணும் மேடம். நான் இவங்க ஹஸ்பெண்ட். பிரெஞ்சு ஆர்மில இருந்தேன்." பக்கத்திலிருந்த ஏட்டு எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். "இவங்க பழைய ராணுவச் சாமான் வியாபாரம் பண்றாங்க. வேணாம் வேணாம்னு எத்தனயோ தடவ சொல்லிட்டேன். ஊரு முழுக்கத் தெரியும், நீங்க விசாரிச்சுக்கலாம். யாரோ கள்ளச் சரக்க இவங்க தலைல கட்டிட்டாங்க. இப்ப பயந்துபோய் எம்மேல பழி போடறாங்க. கொஞ்ச நாளாவே மனசு சரியில்ல மேடம். வீட்டுல நோட்டு இருக்கு, கடைசிப் பக்கங்களப் படிச்சுப் பாருங்க, நான் எப்படிப் பாத்துக்கறேன்னு அவங்களே எழுதியிருக்காங்க."

அப்போதுதான் அந்த அலமாரியின் முழு அர்த்தமும் எனக்குப் புரிந்தது. உறை போய்விட்டது. காதர் பாய் பயந்தவர், எதற்கும் வரமாட்டார். துப்பாக்கி என் அலமாரியில், என் சாமான்களுக்கு நடுவில் இருந்தது. கொண்டுவந்ததும் நான்தான். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அழுகைகூட வரவில்லை.

எஸ்.ஐ. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இத நீங்க வெறுங்கையால தொட்டீங்களா?"

"இல்லீங்க மேடம். கையுறை போட்டுத்தான் எடுத்தேன்."

"ஏன் போட்டீங்க?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "எப்பவும் போடுவேங்க. வேர்வ பட்டா உலோகம் கறுத்துடும், தோலு கறையாயிடும். அந்த அலமாரில எதையுமே நான் வெறுங்கையால தொடமாட்டேன்."

"இதுக்கு முன்னாடி?"

"இதுக்கு முன்னாடி இத நான் தொட்டதே இல்ல."

எஸ்.ஐ. பேனாவால் ஃபிளானலை மெல்ல இழுத்து மூடினார். "ஏட்டய்யா, யாரும் கை வைக்காதீங்க. கைரேகை எடுக்கறவங்களுக்கு ஃபோன் போடுங்க." பிறகு ஒகுஸ்தின் பக்கம் திரும்பினார். "நல்லதாப் போச்சு சார். உங்க கைரேகையும் குடுத்துட்டீங்கன்னா, இது யாரு சரக்குன்னு சட்டுன்னு தெரிஞ்சிடும். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்லயே?"

ஒகுஸ்தின் சுண்ணாம்பு காய்ந்திருந்த கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். எஸ்.ஐ.யைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, வீட்டில் பேசுகிற அதே சன்னக் குரலில் சொன்னார்.

"லெயோனி. எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்ற தைரியமெல்லாம் எனக்கு வரவில்லை, பயம்தான் இருந்தது.

"எழுந்திரு" என்றார் இன்னொரு முறை.

என் முழங்கால் தானாக எழப் பார்த்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.